பெர்முடாவில் ஓர் ஓட்டின் பயணம்

அட்லாண்டிக் கடலின் பெர்முடா தீவில் துறவி நண்டுகள் சுமந்து திரியும் ஓடுகளில் சில, புதைபடிவங்கள். அப்படிப்பட்ட ஓடு ஒன்று வந்த வழி நீளமானது.

அதைக் கட்டியது சிட்டேரியம் பைகா என்ற கடல் நத்தை. அலையடிக்கும் பாறையில் பாசியை மேய்ந்தபடியே, கடல்நீரின் சுண்ணாம்பைச் சுற்றுச் சுற்றாக அடுக்கியது. வெளியே கறுப்பு வெள்ளை வரிகள், உள்ளே முத்துப் பளபளப்பு. கடைசிப் பனியுகத்துக்கு முந்தைய வெப்ப காலம் அது. இன்றைக்குச் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்.

நத்தை செத்ததும் நிலத்தில் வாழும் துறவி நண்டு ஒன்று ஓட்டைத் தேடி வந்தது. இந்த நண்டின் வயிறு கவசமில்லாத, வலப்பக்கம் முறுக்கிய மென்சதை. ஓடில்லாவிட்டால் வெயிலில் உலர்ந்து செத்துப்போகும். ஆனாலும் கண்டதில் நுழைந்துவிடாது. உருட்டிப் பார்க்கும், உணர்கொம்பால் தடவும், கொடுக்கை உள்ளே விட்டு, இடம் எவ்வளவு, மண் அடைத்திருக்கிறதா என்று துழாவும். பெரிதானால் சுமை. சிறிதானால் முழுதாக ஒடுங்க முடியாது, தேக்கிவைக்கும் தண்ணீரும் குறையும், வளர்ச்சியும் குன்றும். பிடித்துவிட்டால் நொடியில் வயிற்றை உருவிப் புது ஓட்டுக்குள் செருகிக்கொள்ளும். அது விட்ட ஓடு அடுத்த நண்டுக்கு. அந்த நண்டு விட்டது அதைவிடச் சிறியதற்கு. அளவுவாரியாக வரிசைகட்டி நின்று இவை அடுத்தடுத்து ஓடு மாற்றுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிக் கைமாறிக் கைமாறி மேட்டுக்கு ஏறிய ஓடு, ஒருநாள் மணற்குன்றில் புதைந்தது. மணல் சுண்ணாம்புக் கல்லாக இறுகியது.

1612-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். நத்தை அவர்களுக்கு உணவானது. பிடித்துப் பிடித்தே தீவில் அந்த இனத்தை இல்லாமல் செய்துவிட்டார்கள். பெரிய நண்டுகளுக்குப் பொருந்தும் ஓட்டைக் கட்ட ஆளில்லை. அந்த நெருக்கடியில் கைகொடுத்தவை, அரிப்பில் பாறையிலிருந்து உதிர்ந்த பழைய ஓடுகள்தாம். சம்பாத்தியம் நின்றபின் பாட்டன் சொத்தில் காலம் தள்ளும் குடும்பம்போல, நண்டுகள் அவற்றை வைத்துப் பிழைத்தன. அந்தச் சொத்தும் தேய்ந்துகொண்டே வந்தது.

1982-இல் அந்த நத்தையை வெளியிலிருந்து கொண்டுவந்து பெர்முடாப் பாறைகளில் விட்டார்கள். அது நிலைத்தது, பெருகியது. நண்டுகளுக்கு மறுபடியும் புது ஓடு கிடைக்கத் தொடங்கியது.

எவ்வளவு தேர்ந்து பார்த்தாலும், நண்டால் ஓர் ஓட்டைக்கூடச் செய்துகொள்ள முடியாது. நத்தை இருந்தால்தான் அதற்குத் தேர்வே உண்டு. இன்று பெர்முடாவில் அந்த நத்தையைப் பிடிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. அது நண்டைக் காக்கும் சட்டமும்தான்.