ஆநிரைத் தொன்மங்களும் ஊர்ப்பெயர்களும்

பசு, எருது, எருமை ஆகியவற்றோடு ஓர் இடத்தின் பெயரையோ சிறப்பையோ பிணைத்துச் சொல்லும் கதைகள் ஆநிரைத் தொன்மங்கள். தமிழகத்தில் இவை நடுகல் மரபு, தலபுராண மரபு என இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன.

நடுகற்கள்: தொல்காப்பியம் ஆநிரை கவர்தலை வெட்சித்திணையில் வைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்லொன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவர்தலில்) இறந்தவனுக்கு நட்டது. ஆகோள் நடந்த ஊரைச் சுட்டும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றான அதைக் கண்டறிந்தோர் அதன் காலத்தைக் கி.மு. நூற்றாண்டுகளில் வைப்பர்; பிந்தியது என்போரும் உளர். அடுத்த சில நூற்றாண்டுகளுக்குச் சான்று குறைவு.

பல்லவர் காலத்தில் செங்கம் வட்டாரக் கற்கள் பெருகுகின்றன. இவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன், தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டவன் என ஒரே ஒழுங்கில் செய்தி சொல்வது இவற்றின் இயல்பு. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. நாயின் உருவமும் கல்லில் உண்டு. பிற்காலச் சோழர் காலத்தில் இவ்வகைக் கற்கள் அருகின.

தலபுராணங்கள்: இங்கே வீரன் போய்ப் பசுவே வழிபடுகிறது. விழுப்புரம் அருகே திருவாமாத்தூரில் ஆக்கள் வேண்டிக் கொம்பு பெற்றன. சூதாட்டத்தில் திருமாலுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னதால் உமை பசுவாகச் சபிக்கப்பட்ட கதை, காவிரிக்கரை ஊர்கள் பலவற்றைக் கோக்கிறது. அவள் குளம்பு பட்ட இடம் திருக்கோழம்பம், சாபம் நீங்கிய இடம் திருவாவடுதுறை, மேய்த்த திருமால் நின்ற இடம் தேரழுந்தூர். ஆனால் தேரழுந்தூரின் பெயருக்கு வானில் சென்ற தேர் அழுந்திய வேறு கதை உண்டு. ஆகவே பல இடங்களில் பெயர் முந்தியது, கதை பின்வந்தது எனக் கருத இடமுண்டு. இடைக்கால அயர்லாந்தின் டின்ஹென்கஸ் என்னும் இடப்பெயர்க் கதைத் தொகுப்புகளும் இத்தகையவை. அந்நாட்டு ஆநிரைக் காவியத்தில், இரு எருதுகள் மோதியதில் தோற்ற எருதின் உடற்பகுதி விழுந்த ஆற்றுத்துறையே ஆத்லோன் எனப் பெயர் பெறுகிறது.

இலங்கை: கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தண்டித்த அரசன் கதையை மகாவம்சம் அநுராதபுரத்து எல்லாளன் மேலும், பெரியபுராணம் திருவாரூர்ச் சோழன் மேலும் ஏற்றுகின்றன. எது மூலம் என்பது முடிவாகவில்லை.

ஊவா: இலங்கையின் இம்மலைப்பகுதித் தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டில் ஒரு பெயரும் தொழிலாளர் பேச்சில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு, பெயர்க்கதைகள் பெரிதும் வாய்வழியே நிற்கின்றன. மாட்டுக்கும் இங்கே இடம் இருந்தது. காப்பித் தோட்டங்களில் எருவுக்காகவும் மாடு வளர்த்தார்கள். மலைப்பாதைகளில் உப்பும் நெல்லும் பொதிமாடுகளில் சென்றன. பின்னர் மாட்டுவண்டி வந்தது. பதுளைக்கு ரயில் 1924இல் வந்தது.