தெனுக்கின் நடுவிரல்

எங்கள் புலாவ் செபாங்கில் கடல் கிடையாது. ஆனால் ‘புலாவ்’ என்றால் மலாயில் தீவு. பெயரை நம்பித் தேடி வந்தால் ரயில் நிலையத்தையும் செம்பனையையும்தான் பார்க்க முடியும். இந்த நாட்டுக் காட்டில் பெயரும் தோற்றமும் சேர்ந்து ஏமாற்றும் மிருகம் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைத் தெனுக், சிப்பான் என்பார்கள். ஐரோப்பியர் அதைத் தப்பீர் என்றார்கள்.

கறுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் போர்வை. தொங்கும் மூக்கைப் பார்த்தால் யானைக்குச் சொந்தம் மாதிரி இருக்கும், உடம்பைப் பார்த்தால் பன்றி மாதிரி. ரெண்டும் இல்லை.

தப்பீர் அமெரிக்காவில் மட்டுமே வாழ்கிறது என்று ஐரோப்பிய அறிஞர்கள் நினைத்திருந்த காலம் அது. புதிதாகப் பெரிய நாலுகால் மிருகம் எதுவும் இனிமேல் கிடைப்பது அரிது என்று 1812இல் பாரிஸின் குவியே எழுதினார். 1816இல் மலாக்காவின் ரெசிடெண்ட் வில்லியம் பார்குவார், இங்குள்ள தப்பீரைப் பற்றிக் கல்கத்தா ஆசியக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அது அச்சேற 1820 ஆகிவிட்டது. அதற்குள் குவியேயின் மாணவர் தியார், கல்கத்தா அருகே பராக்பூரில் கூண்டில் கண்ட தப்பீரின் படத்தைப் பாரிஸுக்கு அனுப்பினார். 1819இல் தெமாரே அதற்கு ‘தபிரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார். இண்டிகஸ் என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. இந்தியக் காட்டில் இந்த மிருகமே கிடையாது!

அறிவியல் பெயரோடு இன்றும் ஒட்டியிருப்பது தெமாரேயின் பெயர்தான். பார்குவார் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்த 477 ஓவியங்களில் தப்பீரும் உண்டு. வரைந்த சீன ஓவியர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. அதற்கெல்லாம் முன்பே தெனுக் என்று அழைத்தவர்களுக்கோ அந்தப் பெயரில் இடமே இல்லை.

சரி, இதன் சொந்தம் யார்? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது. அந்தக் கணக்கில் யானை, பன்றி, தெனுக் எல்லாமே ஐயறிவு. 1848இல் ரிச்சர்ட் ஓவன் வேறு கேள்வி கேட்டார். குளம்புள்ள மிருகங்களின் பாதத்தைப் பார்த்து இரண்டு கூட்டமாகப் பிரித்தார். தெனுக்குக்கு முன்காலில் 4 விரல், பின்காலில் 3. சும்மா எண்ணினால் குழப்பம்தான். எங்கள் இன்ஜினியர் பாஷையில் சொன்னால், லோட் எங்க இறங்குதுன்னு பாருங்க. பன்றிக்கும் மாட்டுக்கும் நடுவிலுள்ள இரண்டு விரல்கள் எடையைப் பகிர்ந்துகொள்ளும். தெனுக்குக்கு நாலு பாதத்திலும் மூன்றாம் விரல்தான் அச்சு. குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் அப்படியே. அவைதான் இதன் சொந்தம். மூக்கு சொல்லாததை விரல் சொல்லிவிட்டது.

பெயரும் வகையும் முடிவாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மிருகம்தான் இப்போது அழியும் நிலையில் இருக்கிறது. காடு துண்டு துண்டானதால் ராத்திரியில் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாகிறது. தெனுக் படம் போட்ட மஞ்சள் பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். அந்த வெள்ளைப் போர்வை இருட்டில் சட்டென்று கண்ணில் படாது.