பால் சுறாவும் பாதரசமும்

மகள் பிரசவத்துக்கு ஓரிக்கை வந்திருந்தபோது நடந்தது. குழந்தை பிறந்த பத்தாம் நாள் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். பை நிறையப் பூண்டும், ஒரு தூக்குவாளியில் பால் சுறாவும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு போட்டால் பால் நன்றாகச் சுரக்கும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் மகள், "டாக்டரம்மா சுறா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க அத்தை, அதுல பாதரசம் இருக்குமாம்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அஞ்சு பெத்தேன். அஞ்சுக்கும் சுறாதான் தின்னேன்" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர் ஆயிற்றே, ஏதாவது சொல்லுங்களேன் என்று அர்த்தம். பாதரசம் மைனஸ் 39 டிகிரியில் உறையும், பொன்னையும் வெள்ளியையும் கரைக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அது மீனுக்குள் எப்படிப் போகும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறைக்குப் பாதரசம் விளையாட்டுப் பொருள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடைந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். தறிக்குழி ஓரத்தில் வெள்ளி முத்துகளாக ஓடுவதை விரலால் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்ப்போம். ஒரு முறை என் அக்காவின் மோதிரத்தில் பட்டு மோதிரமே வெளுத்துவிட்டது. பத்தர் அதை நெருப்பில் காட்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆவியை அவர் எத்தனை வருடம் சுவாசித்தாரோ. பாதரசத்தைக் கொதிக்க வைக்கக்கூட வேண்டியதில்லை, சும்மா தரையில் கிடந்தாலே ஆவியாகிக்கொண்டிருக்கும்.

அந்த ஆவி காற்றோடு போய் மழையோடு இறங்கி ஏரிச் சேற்றிலும் கடலிலும் சேர்கிறது. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. வினையே அதில்தான். இந்த ரூபத்தில் அது உடம்பை விட்டு லேசில் போகாது. பாசியை நெத்திலி தின்னும், நெத்திலியைப் பெரிய மீன் தின்னும், அதைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் சேர்மானம் கூடிக்கொண்டே போகும். சுறா பல வருடம் வாழ்கிற பிராணி வேறு. அதனால்தான் 2004-ல் அமெரிக்க அரசு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று நான்கு மீன்களைப் பெயர் சொல்லி அறிவித்தபோது, அதில் சுறாவும் இருந்தது. டாக்டரம்மா சொன்னது இதைத்தான்.

இந்த அறிவு உலகத்துக்கு வந்த கதை கொடுமையானது. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். 1950-களில் அங்கே பூனைகள் வெறி பிடித்தாற்போல் சுற்றிச் சுற்றி ஆடிச் செத்தன. 1956 மே மாதம் குழந்தைகளின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை தன் கழிவைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. ஆலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹொசகாவா 1959-ல் அந்தக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அதை வெளியே விடவில்லை. 1968 வரை அந்தக் கழிவு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, பிறந்த பிள்ளைக்குத்தான் பாதிப்பு. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுக்கும் என்றுதான் டாக்டர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். அப்படியில்லை என்று நிறுவியவர்களில் முக்கியமானவர் ஹராடா மசசுமி. ஜப்பானியர்களும் நம்மைப் போலவே தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். நாம் தாயத்தில் அடைப்போம், அவர்கள் சின்ன மரப்பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பெட்டிகளை வாங்கிச் சோதித்தபோது கொடிக்குள்ளேயே மெத்தில் பாதரசம் இருந்தது.

ஜப்பான் கதைதானே என்று சொல்ல முடியாதபடி நம் தமிழ்நாட்டிலும் ஒன்று நடந்தது. போகரையும் நவபாஷாணத்தையும் பேசுகிற பழனி மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில்.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. முகத்துக்குப் பவுடர் தந்த அதே பாண்ட்ஸ்தான். 1987-ல் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. நமக்கு மிஞ்சியது உடைசல். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பழைய இரும்புக் கடை ஒன்றில் 7.4 டன் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஊர் திரண்டது. ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவைக் கட்டி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். குப்பை அங்கே திரும்பிப் போனதை நான் வேறு எந்தக் கதையிலும் படித்ததில்லை.

மீனுக்கு வருகிறேன். ஆலையிலிருந்து மழைத்தண்ணீர் வடிவது பாம்பாற்றுச் சோலைப் பக்கம், அதாவது கீழே கும்பக்கரை அருவிக்கு. 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் வெட்டிய, நாமெல்லாம் படகு விட்ட கொடைக்கானல் ஏரி அந்த வழியில் இல்லை. ஆனாலும் ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தார் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஏரித் தண்ணீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. தொலைவில் உள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளில் தண்ணீரிலும் சேற்றிலும் அளவு குறைவு. கொடைக்கானல் மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். பொதுவாக வைக்கிற எல்லை 500. ஆகவே மீன் எல்லைக்குள்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாய்க்கால் இல்லாமல் அது எப்படி ஏரிக்குப் போயிற்று? ஆலையின் பாதரசம் காற்றில் வந்தது என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு. தறிக்குழி ஓரத்தில் நாங்கள் உருட்டி விளையாடிய முத்துகள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

தொழிலாளர்கள் சிறுநீரகம், நரம்பு என்று பல நோய்களைச் சொல்லிப் போராடினார்கள். ஆலையால் யாருக்கும் பாதிப்பில்லை என்றே நிறுவனம் கடைசிவரை சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஆயிற்று. தொகை வெளியிடப்படவில்லை. மண்ணைச் சுத்தம் செய்வதில் எந்த அளவு போதும் என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது.

நம் சுறாவில் உள்ளது கொடைக்கானல் பாதரசம் அல்ல. நிலக்கரி எரிப்பு, தங்கச் சுரங்கம் என்று உலகம் முழுவதிலிருந்தும் கடலில் சேர்ந்தது அது. சம்பந்தியம்மா சொன்னதிலும் தப்பில்லை, அவர் பிள்ளை பெற்ற காலத்துக் கடல் வேறு. மறுவாரம் அவருக்கு நானே போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நெத்திலி ஆகும்ல?" என்றார். ஆகும், அது சின்ன மீன், தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். பூண்டு போட்டு நெத்திலிக் குழம்பு அவரே வந்து வைத்துக் கொடுத்தார்.

எங்கள் பீரோவில் பழைய பாதரச தெர்மாமீட்டர் ஒன்று கிடந்தது. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. ஊறுகாய் பாட்டிலில் பஞ்சு வைத்து அடைத்து, மூடியை இறுக்கிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். பேத்திக்கு எட்டாத உயரம்.