மண்டகள்ளி விமான நிலையம்

நஞ்சன்கூடு வழியாகக் கோவைக்கோ உதகைக்கோ பேருந்தில் செல்லும் நம் குடும்பத்தார், மைசூருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் மண்டகள்ளி விமான நிலையத்தைக் கண்டிருப்பர். சிறிய நிலையந்தான், எனினும் அதன் வரலாறு அறியத்தக்கது.

திவான் சர் மிர்சா இஸ்மாயில் பொறுப்பிலிருந்த 1940ஆம் ஆண்டில், மைசூர் சமஸ்தானத்தார் 290 ஏக்கர் நிலத்தில் இதனை நிறுவினர். அவ்வாண்டு டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் சமஸ்தானத்தின் ஒத்துழைப்பாலும் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றிற்று. விமானப் பயணம் மிகச் சிலருக்கே கிட்டிய நாளில், பொதுப் பணத்தால் இத்தகைய பணிகளை மேற்கொள்வது துணிவான செயலேயாகும்.

1950இல் நிலையம் மத்திய அரசின் வசமாயிற்று. அதன்பின் அது கண்டவை ஏற்றமும் இறக்கமுமே. 1980களில் வாயுதூத் விமானம் வந்தது. சில ஆண்டுகளில் நின்றது. 2010 மே மாதம் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டே பெங்களூருக்குத் தொடங்கிய கிங்பிஷர் சேவை 2011இல் முடிவுற்றது.

இதற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூர் இங்கிருந்து 140 கிலோமீட்டர் அளவே. நிலையத்திற்குச் செல்வதற்கும் சோதனைக்குக் காத்திருப்பதற்கும் ஆகும் நேரத்தில், புகைவண்டி பெரும்பகுதி வழியைக் கடந்துவிடும். தொலைநகரங்களை இணைக்கும்போதே இத்தகைய நிலையம் பயன் தரும். மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் 2017இல் தொடங்கிய சென்னை விமானம் இவ்வுண்மையை உணர்த்திற்று.

மற்றொரு தடை ஓடுபாதையின் நீளம். 1,740 மீட்டர் நீளமுள்ள பாதையில் எழுபது பேர் அமரும் சுழல்விசிறி விமானங்கள் இறங்கும்; பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. கடல் மட்டத்திற்கு 700 மீட்டருக்கும் மேலுள்ள நம் ஊரில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலின் விமானம் மேலெழ நீண்ட ஓட்டம் தேவை. பாதையை நீட்டவோ, அருகே நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் உள்ளன. நிலம் தருவோரின் வாழ்வையும் எண்ண வேண்டும்.

விமானங்கள் வாராத ஆண்டுகளைக் கொண்டு இதனை வீண் செலவு என்பாருண்டு. அவ்வாண்டுகளில் நிலத்தைக் கூறுபோட்டு விற்றிருந்தால், 2010இல் புதிய கட்டடம் எழுப்ப இடமேது? நிறுவியவர்களின் துணிவைப் போலவே, பயனற்றதாய்த் தோன்றிய காலத்திலும் அதனைக் காத்தவர்களின் பொறுமையும் போற்றுதற்குரியது. பொதுச் சொத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.