எருக்கம்பூ மாலை

முற்றத்தில் எருக்கு முளைத்தால் குடி பாழாகும் என்று முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆதலால், தானாக முளைத்த கன்றையும் வேரோடு பிடுங்கி எறிவதே வழக்கம். ஆளற்ற மனைகளில், நீர் வார்ப்பார் இன்றியே அது செழித்து நிற்கிறது. பாழ் முந்தியது; எருக்கு பிந்தியது. நாமோ அதனை மாற்றிப் படித்துவிட்டோம்.

பழந்தமிழர்க்கும் இது உயர்ந்த பூ அன்று. ஆயினும், நல்லது தீயது என்று எதிலும் சேராத இந்த எருக்கையே ஒருவர் படைத்தாலும், கடவுள் வேண்டாம் என்பதில்லை என்கிறார் புறநானூற்றில் கபிலர். காதல் கைகூடாதவன் எருக்கங்கண்ணி சூடி, மடலேறித் தெருவில் வருவதைக் குறுந்தொகை காட்டுகிறது. நாணம் துறந்தவனின் அடையாளம் அது. வடமொழியில் மிருச்சகடிகம் என்னும் நாடகத்தில், கொலைக்களத்துக்கு நடத்தப்படும் சாருதத்தனின் கழுத்தில் அரளி மாலை கிடக்கிறது. பூச்சூட்டியே ஒருவனை இழிவுபடுத்தும் வழக்கம் அவ்வளவு பழையது.

இதனை அறிந்தால்தான் நம் மண்ணில் நடந்தது முழுமையாக விளங்கும். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர். டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் நட்பால் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். உடலெங்கும் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, எருமை மீது பின்னோக்கி அமர்த்தி, கழுத்தில் எருக்கம்பூ மாலை இட்டு, ஊர் ஊராக அவரைக் கொண்டுசென்றனர் என்று மரபு கூறுகிறது. எருமை எமனின் ஊர்தி. எருக்கு பாழ்மனையின் பூ. எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க தீர்ப்பு அது. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் உருவத்துக்கு ரோசாவும் மல்லிகையும் சூட்டுகிறோம். எருக்கம்பூவைச் சூட்டக் கண்டதில்லை.

மாவட்டத்தின் மேற்குப் பகுதி மழைவளம் மிக்கது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமோ மழை குறைவு, காற்று மிகுதி. அங்கே ரோசாவைக் காப்பாற்றக் குடம் குடமாக நீர் சுமக்க வேண்டும். எருக்குக்கு அந்தக் கவலை இல்லை. முற்றிய தண்டு ஒன்றை வெட்டி, பால் உலரவிட்டு, ஐப்பசி மழையின் தொடக்கத்தில் மணற்பாங்கான இடத்தில் ஊன்றினால் போதும். வேர் ஆழச் செல்லும். இலைமேல் படிந்த வெண்பூச்சு ஈரத்தைக் காக்கும். நீர் தேங்கினால்தான் கேடு. வெயில் எவ்வளவு காய்ந்தாலும், ஆண்டு முழுவதும் வெளிர் ஊதாவாகவோ வெண்மையாகவோ பூத்துக்கொண்டிருக்கும். வெள்ளெருக்கை மட்டும் விநாயகருக்கு உரியதென்று இந்து அன்பர்கள் சிலர் விரும்பி வளர்ப்பதுண்டு. வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் முட்டையிடும். புழு இலையைத் தின்றுவிட்டதே என்று மருந்தடிக்க வேண்டா. செடி மறுபடியும் துளிர்க்கும். முற்காலத்தில் இதன் பட்டை நாரை வில்லின் நாணுக்கும் மீன்பிடி கயிற்றுக்கும் திரித்தனர்.

ஓர் எச்சரிக்கை உண்டு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். எனவே குழந்தைகள் ஓடியாடும் வழியை விட்டு, மதிலோரம் நடுவதே நன்று. தண்டை வெட்டியவர் கை கழுவாமல் கண்ணைத் தொடலாகாது.

காய் முற்றி வெடிக்கும்போது, பட்டுப் போன்ற பஞ்சு விதையைச் சுமந்துகொண்டு பறக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் அது எந்த மதிலையும் தாண்டும். அயல் வீட்டு முற்றத்தில் முளைத்தால் அவர்கள் பிடுங்கி எறியக்கூடும். சிலர் விட்டுவைக்கவும் கூடும்.