பெரட்டுக்களத்துக் கொடிகள்

என் அப்பாயி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, கங்காணி பின்னால் நடந்து பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். எந்த வருஷம் என்று கேட்டால், "உங்க பெரியப்பன் வயித்துல அஞ்சு மாசம்" என்பார். பெரியப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் 1927 என்று இருக்கிறது. 1974இல் அதே தோட்டத்தில், அதே லயத்து வரிசையின் கோடி வீட்டில் கண்ணை மூடினார். வீடு மாறியதில்லை. அடுப்பு இருந்த மூலைகூட மாறியதில்லை.

நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது. வந்தபோது அது கெடா சுல்தானின் நாடு, மேலே வெள்ளைக்கார ஆலோசகர். பிறகு ஜப்பான். பிறகு சயாம். மறுபடி வெள்ளைக்காரன். மலாயன் யூனியன், மலாயா கூட்டரசு, சுதந்திர மலாயா, கடைசியாக மலேசியா. நாற்பத்தெட்டு வருஷத்தில் எட்டு. அப்பாயி ஒரு தடவைகூட எல்லை தாண்டவில்லை. எல்லைதான் அவரைத் தாண்டித் தாண்டிப் போனது.

தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். பாடப்புத்தகத்தில் நாடு கைமாறுவதெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தால் கதை வேறு. விடியற்காலை ஐந்தரைக்கு உளியும் வாளியுமாக வரிசையில் நின்று, வேலை வாங்கும் தண்டலிடம் பேர் கொடுக்கும் இடம் அது. எதிரே ஆபீஸ், அதற்கு முன்னால் கொடிக்கம்பம். இன்றைக்கு எந்தக் கொடி என்று பார்த்துக்கொண்டு பால் வெட்ட நிரைக்குப் போகவேண்டியதுதான்.

முதல் கைமாற்றம் அப்பாயி வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. 1909 மார்ச் 10, பாங்காக். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நாலு மாநிலங்களின் மேலிருந்த உரிமையை சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு ரயில்பாதை போட 40 லட்சம் பவுண்டு கடன் கிடைத்தது, சயாமில் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு இருந்த தனி நீதிமன்ற உரிமையும் தளர்ந்தது. கெடா அரண்மனையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டை விற்பதுபோல் எங்கள் நாட்டையும் மக்களையும் விற்றுவிட்டார்கள், வாங்கியவனை மன்னிக்கலாம், விற்றவனை முடியாது என்று மன்னர் தரப்பு மனம் வெந்து பேசியதாகச் சொல்வார்கள். அந்தச் சூடு ஆறவில்லை. 1923இல் பிரிட்டனோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டபோது கெடா ஒரு நிபந்தனை வைத்தது: சுல்தானின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கெடாவை வேறு எவருக்கும் கொடுக்கவோ வேறு எதோடும் சேர்க்கவோ கூடாது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டம் விற்ற நாள்தான் நினைவுக்கு வரும். என் சின்ன வயதில் எங்கள் தோட்டமும் கைமாறியது. பழைய துரை போனார், புதிய துரை வந்தார். மரம், ஆபீஸ், ஸ்டோர், லயம், ஆயாக் கொட்டகை எல்லாம் பட்டியலில் இருந்திருக்கும். நாங்களும் எந்த வரியிலோ இருந்திருப்போம். சுல்தானுக்கு நிபந்தனை போட ஒரு காகிதமாவது கிடைத்தது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். சுங்கை பட்டாணி விமானத்தளத்தில் குண்டு விழுந்த சத்தம் எங்கள் லயத்துக்குக் கேட்டதாம். ஜித்ராவில் பிரிட்டிஷ் படை இரண்டே நாளில் சிதறியது. சிதறியவர்களில் ஒருவர் பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங். அவர் அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவைச் சந்தித்துப் பேசிய பேச்சில்தான் இந்திய தேசிய ராணுவம் கருக்கொண்டது. சிங்கப்பூரில் பிறந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். விதை விழுந்தது கெடாவில். இதைச் சொல்லிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆசை உண்டு, எனக்கும்தான்.

தாத்தாவை 1943 தொடக்கத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சயாமில் ரயில் போட. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். தாத்தா திரும்பவில்லை. சயாம்தான் வந்தது. அந்த ஆகஸ்டில் ஜப்பான், தன் தோழனுக்குப் பரிசு கொடுப்பதுபோல், 1909இல் கைமாறிய அதே நாலு மாநிலங்களையும் தாய்லாந்துக்குக் கொடுத்தது. அக்டோபர் 18ஆம் தேதி கெடா 'சைபுரி' ஆனது. மூன்றே நாள் கழித்து, 21ஆம் தேதி, சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். வெளிநாட்டு இந்தியர்களெல்லாம் அதற்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்றார்.

ஒரே வாரம். புருஷனைச் சயாமுக்குப் பறிகொடுத்த ஒரு பெண், சயாமின் குடியாகி, ஜப்பான் துப்பாக்கியின் கீழ் மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டு, கையகல மண்கூட இன்னும் இல்லாத ஓர் அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தார். வாக்கு மட்டுமில்லை, கூட்டத்தில் காதில் கிடந்த தோட்டையும் கழற்றிக் கொடுத்தார். கடைசிவரை அவர் காதில் ஈர்க்குச்சிதான்.

"ஊரு போய்ச் சேர முடியாதுன்னு தெரிஞ்சும் ஏன் குடுத்தீங்க அப்பாயி?" என்று கேட்டேன்.

"அந்தக் கூட்டத்துலதான் எங்களையும் பேரு சொல்லிக் கூப்புட்டாங்க. தண்டல் கூப்புடுற மாதிரி இல்ல."

தேசியம் பற்றிப் பின்னால் நிறையப் படித்தேன். தூரத்துத் தாய்நாட்டின் பேரில் ஏழைகளை உருட்டினார்கள் என்று எழுதுபவர்களும் உண்டு, வீரகாவியம் பாடுபவர்களும் உண்டு. எனக்கு அப்பாயி சொன்ன காரணம் போதும். அவர்கள் கொடுத்தது இந்தியா என்ற நிலத்துக்காக அல்ல, பேர் சொல்லி அழைக்கப்பட்டதற்காக.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பியபோது, பேர் சொல்லி அழைக்கப்பட்ட ருசி கண்டவர்கள் லயத்தில் இருந்தார்கள். அதன் விளைவுதான் பீடோங்கில் நடந்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்று ஒன்றைக் கட்டினார். பக்கத்துத் தோட்டங்களுக்கும் அது பரவியது. சில இடத்தில் ராணுவப் பயிற்சி பெற்று வந்த பையன்களே முன்னால் நின்றார்கள். முதல் வேலை கள்ளுக்கடையை மூடுவது. கூலி வாங்கிய அன்றே பாதி அங்கே போய்விடும், அடி உதை வீட்டுக்கு வரும். பெண்கள் ஒட்டுமொத்தமாகத் தொண்டர் படை பக்கம் நின்றதில் ஆச்சரியம் என்ன?

துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்பது அதுவரை எழுதாத சட்டம். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் இந்தச் சைக்கிள் விஷயமும் ஒன்று. எங்கள் பக்கத்தில் யாரும் மனு எழுதவில்லை. ஒருநாள் ஒரு பையன் இறங்காமல் மணி அடித்துக்கொண்டே துரையைக் கடந்துபோனான் என்று அப்பாயி சொல்வார். அந்த மணியை வாயாலேயே அடித்துக் காட்டுவார். எண்பதை நெருங்கிய வயதிலும் அந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தொண்டர் படையை நான் பூசி மெழுகப் போவதில்லை. குடித்தவர்களை மிரட்டினார்கள், அவமானப்படுத்தினார்கள், பஞ்சாயத்து வைத்துத் தண்டம் போட்டார்கள். தன்னைத் தானே ஆளவேண்டும் என்று கிளம்பும் எந்தக் கூட்டத்துக்கும் அடுத்தவனை ஆளவேண்டும் என்ற ஆசையும் கூடவே முளைக்கிறது. ஆனால் அரசாங்கம் பயந்தது அதற்காக இல்லை. லயத்துக்குள் யார் சொல் நடப்பது என்ற கேள்வி எழுந்துவிட்டதே, அதற்காகத்தான். 1947 பிப்ரவரி 28ஆம் தேதி பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் கைகலப்பில் முடிந்தது. போலீஸ் பாய்ந்ததில் ஒரு தொழிலாளி செத்தார். மார்ச் 3ஆம் தேதி கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு, இன்னொரு உயிர். புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு ஒரு கூட்டமே சிறைக்குப் போனது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும் மிச்சமிருந்ததும் அடங்கிவிட்டது.

இன்றைக்கு பீடோங் கடைத்தெருவில் இதற்கு ஒரு கல்வெட்டு கிடையாது. ராஜேந்திர சோழன் கடாரம், அதாவது இந்தக் கெடா, கொண்டதை மட்டும் எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். 1025இல் வந்தான், கொள்ளையடித்தான், போனான். தஞ்சைக் கல்வெட்டில் பெருமையாக வெட்டிவைத்தான். மெர்போக்கில் இருக்கும் சண்டிகளை, அந்தப் பழங்காலக் கோயில்களின் எச்சங்களை, சுற்றுலா பார்க்க வரும் தமிழ்நாட்டு அன்பர்கள், "இதெல்லாம் நம்ம நாடா இருந்தது டீச்சர்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். படையெடுத்து வந்ததால் நிலத்தில் உரிமை உண்டு என்றால் சயாமுக்கும் உண்டு, ஜப்பானுக்கும் உண்டு. அந்தச் சண்டிகளைக் கட்டியவர்கள் இந்த மண்ணில் இருந்தவர்கள், கடல் வணிகத்தில் பல ஊர் வழக்கத்தையும் கலந்துகொண்டவர்கள். 2013இல் சுங்கை பத்து பக்கம் வீட்டுமனைக்காக ஒரு சண்டியை இடித்துத் தள்ளியபோது எனக்கும் வயிறு எரிந்தது. சோழன் சொத்து என்பதால் அல்ல.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், ஒரு பெரியவர் இருந்தார், பாக்சிக் என்போம். சந்தைக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி, "சேகு (டீச்சர்), உங்கள் தாத்தாவைக் கூட்டிவந்த வெள்ளைக்காரன் எங்கள் தாத்தாவிடம் கேட்டானா?" என்றார் ஒருநாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்கவில்லை என்றேன். பிறகு அவரே, 1821இல் சயாம் படையெடுத்தபோது தன் முப்பாட்டன் குடும்பத்தோடு பினாங்குப் பக்கம் ஓடி, ஒரு தலைமுறை கழித்துத் திரும்பிய கதையைச் சொன்னார். அந்தப் படையெடுப்பில் பல்லாயிரம் பேர் அப்படி ஓடினார்கள். "திரும்பி வந்தப்போ எங்க வயலில் வேற ஆள்" என்றார்.

அவர் கேள்வி நியாயமானது. 1946 ஏப்ரல் 1ஆம் தேதி மலாயன் யூனியன் வந்தபோது, அது எங்களைப் போன்றவர்களுக்கும் குடியுரிமைக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அதற்கு சுல்தான்களிடம் பிரிட்டன் அனுப்பிய ஹரால்ட் மெக்மைக்கேல் கையெழுத்து வாங்கிய விதம் மிரட்டலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கெடா சுல்தான் பட்லிஷா வேண்டாவெறுப்பாகத்தான் போட்டார். 1923 நிபந்தனை காகிதத்தில் இருந்தது, சம்மதம் மனதில் இல்லை. எங்களுக்குக் கிடைத்த நல்லது இன்னொருவர் கையை முறுக்கிக் கிடைத்தது. மலாய்க்காரர்கள் திரண்டு எழுந்தார்கள், யூனியன் போனது, 1948 கூட்டரசில் கதவு மறுபடி ஒருக்களித்துக்கொண்டது.

1957இல் மெர்டேக்கா முழங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் கெடா இளவரசர், அவருடைய தாயார் சயாம் வழி வந்தவர். அன்றைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பிறப்பிலேயே வந்தது. முன்னால் வந்தவர்கள் மனுப் போடவேண்டும், மலாய் பேசிக் காட்டவேண்டும். அப்பாயிக்கு மலாய் தெரியும். மீன்காரரிடம் பேரம் பேசுவார், பாக்சிக்கின் மனைவியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார். ஓர் ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தவர் கேட்டது வேறு மலாய். நாட்டின் தலைநகரைப் பற்றி ஏதோ கேட்டாராம். அப்பாயி பீடோங்கைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு திரும்பி வந்தார். அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு, வெற்றிலைப் பெட்டிக்குக் கீழே வைத்தார். அதில் ஒட்டியிருக்கும் படத்தில் அவர் கண் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் யாரையோ பார்க்கிறது. 1969இல் சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது எங்கள் லயத்திலிருந்தே மூன்று குடும்பம் மூட்டை கட்டியது. அவர்கள் போன ஊரில் அவர்களுக்கு யாரும் இல்லை.

அதற்குச் சில வருஷம் முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, வாங்கியவர்கள் கூறுபோட்டு மறுபடி விற்க, லயத்துச் சனம் ரோட்டுக்கு வந்தது. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். அப்பாவும் பங்கு கட்டினார். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை, அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுச்சட்டை இல்லை.

வாங்கி ஒரு வருஷம் கழித்து, யாரோ லாரி பேசிக்கொண்டு போகிறார்கள் என்று அப்பா எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். புக்கிட் சிடிமில் இறங்கியதும் அப்பாயி கேட்டார், "இதுல எதுடா நம்ம மரம்?"

அப்பா விழித்தார். பங்கு என்றால் அப்படியில்லை என்று விளக்கப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், ரோட்டோரம் நின்ற ஒரு மரத்தைக் காட்டி, "இதுன்னு வெச்சுக்க" என்றார். அப்பாயி கிட்டே போனார். மங்கில் பாதிப் பால் நின்றது. கோட்டில் உறைந்திருந்த கோட்டுப்பாலை நகத்தால் உரித்து எடுத்துவிட்டு, வெட்டுப்பட்டையில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். பட்டையை மெல்லிசாக, உள்மரம் படாமல் சீவவேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு விழுந்து மறுபடி வெட்ட உதவாது. அவர் விரல் இரண்டு இடத்தில் நின்றது.

"ஆழமா வெட்டியிருக்கான்" என்றார் அப்பாவிடம். "இது நம்ம தோட்டம்னு இவனுக்கு யாரும் சொல்லலையா?"