2017 செப்டெம்பர் 30: ஒரு திகதியின் விலை

காணி ஒன்றை விற்றவரிடம் வரி கேட்கும் அரசு, முதலில் அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்கிறது. விற்ற விலையில் அடக்கவிலையைக் கழித்தால் மிஞ்சுவது ஆதாயம். கேட்பதற்கு எளிது. ஆனால் பணவீக்கம் தின்றுவிட்ட பழைய ரூபாவை இன்றைய ரூபாவிலிருந்து கழிப்பது நியாயமாகுமா? இந்த வரியின் வரலாறு முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

பிரித்தானியாவில் 1965 இல் ஜேம்ஸ் கலகன் மூலதன ஆதாய வரியைக் கொண்டுவந்தார். எழுபதுகளின் விலையேற்றம் வெறும் காகித இலாபத்துக்கும் வரி கட்டவைத்தது. 1982 இல் அடக்கவிலையை விலைச்சுட்டெண்ணுக்கேற்ப உயர்த்த இடமளிக்கப்பட்டது. 1988 இல் நைஜல் லோசன் அடிப்படைத் திகதியையே 1982 மார்ச் 31 இற்கு நகர்த்தினார். இந்தியா 1992 இல் சுட்டெண் முறையை ஏற்று, 2024 இல் பெரும்பாலும் கைவிட்டது.

இலங்கைக்கு இவ்வரி ஐம்பதுகளின் இறுதியில், பண்டாரநாயக்க ஆட்சியில், பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைகளோடு வந்தது. 1987 இல் நீக்கப்பட்டு, 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதமாக மீண்டது. 2017 செப்டெம்பர் 30 இல் கைவசமிருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலை எனச் சட்டம் கூறிற்று. 1985 இல் ஓர் இலட்சத்துக்கு வாங்கிய காணி அன்று 80 இலட்சம் பெறுமதியானது என்று வைத்துக்கொள்வோம். பின்னர் மதிலுக்கு 5 இலட்சம் செலவிட்டு ஒரு கோடிக்கு விற்றால் ஆதாயம் 15 இலட்சம் மட்டுமே. தாராளமான ஏற்பாடுதான். மேசனுக்குக் கொடுத்த கூலிக்குப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்தவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

ஆனால் வலிகாமம் வடக்கை நினைத்துப் பாருங்கள். 1990 இல் இடம்பெயர்ந்தோரின் காணிகள் பல, அந்தச் செப்டெம்பரிலும் படையினர் வசமே இருந்தன. அதன் பின்னரே கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. உரிமையாளரே கால்வைக்க முடியாத நிலத்துக்குச் சந்தை ஏது, சந்தைப் பெறுமதி ஏது? அன்றைய பெறுமதி குறைவென விலைமதிப்பாளர் எழுதினால், விடுவிப்புக்குப் பிந்திய உயர்வு முழுவதும் ஆதாயமாகிவிடும். குடியிருக்கும் வீட்டுக்குச் சட்டம் விலக்களிக்கிறது. ஆனால் விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது அதில் வாழ்ந்திருக்க வேண்டும். கூரையற்ற சுவர்களுக்குத் திரும்பி, அவற்றை அப்படியே விற்றுவிட்டுப் போகும் முதியவருக்கு அந்த விலக்கு எட்டாது.